சாரணர் பிள்ளைங்ககிட்ட "என்ன மாத்தலாம்"னு கேட்டேன், அதுக்கப்புறம் நடந்தது

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில கணக்கு டீச்சரா இருக்கேன், கூடவே சாரணியர் பொறுப்பும் எங்கிட்டதான். சாரணர் பசங்கள பாத்துக்கிட்டிருந்த சார் ரிட்டையர் ஆனதுக்கப்புறம் அவங்களும் நடைமுறையில எங்கிட்டயே வந்துட்டாங்க. இத எழுதுறதுக்குக் காரணம், என்னை மாதிரி ஒத்த ஆளா யூனிட் நடத்துறவங்க நிறைய பேரு இருப்பீங்க, உங்ககிட்டயும் ஒரு நாள் யாராவது "உறுப்பினர்கள்கிட்ட ஆலோசனை கேட்டு எழுதி அனுப்புங்க"ன்னு சொல்லுவாங்க. கேளுங்கன்னு சொல்றவங்க, கேட்டதுக்கப்புறம் என்னென்ன வந்து நிக்கும்னு சொல்ல மாட்டாங்க. எனக்கும் யாரும் சொல்லல. ரெண்டு வருஷம் அலைஞ்சேன், கையில இருந்து இருபதாயிரத்துக்கு மேல போச்சு, அதவிட ஒரு பொண்ணோட ராஜ்ய புரஸ்கார், நம்ம ஊர்ல ஆளுநர் விருதுன்னு சொல்லுவோம்ல, அது போச்சு. பணம் போனதக் கூட மறந்துட்டேன், அது இன்னும் ஆறல.

அப்படி ஆலோசனை கேட்டு எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது ஜூன்ல, ஸ்கூல் தொறந்த சூட்டுல. பக்கத்து ஸ்கூல்கள்ல பொறுப்பாசிரியரே உக்காந்து ஒரு பக்கம் எழுதி அனுப்பிட்டாங்க, இயக்கம் சிறப்பா நடக்குது, இன்னும் முகாம்கள் நடத்தலாம்னு. எனக்கு மனசு வரல, உறுப்பினர் ஆலோசனைன்னா உறுப்பினர் சொல்லணும் இல்ல. அதனால அந்த வாரக் கூட்டத்துல எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சு, சொல்லுங்கப்பா என்ன மாத்தலாம்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. கடைசியா ஒரு எட்டாங்கிளாஸ் பையன் "எல்லாம் நல்லா இருக்கு டீச்சர்"னான், உடனே எல்லாரும் தலையாட்டிட்டாங்க. அடுத்த வாரம் பேரு போடாம சீட்டுல எழுதச் சொன்னேன், அதுலயும் பாதி சீட்டு ஒரே மாதிரி, பக்கத்துல இருந்தவங்களப் பாத்து எழுதினது. அப்புறம்தான் அணி அணியா பிரிச்சு உக்கார வெச்சு, அணித்தலைவர் கையில ஒரு தாளக் குடுத்து, நீங்களே பேசி முடிவு பண்ணி எழுதுங்க, நான் ஸ்டாஃப் ரூம்ல இருக்கேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். அன்னைக்குத்தான் பேசினாங்க, ஸ்டாஃப் ரூம் வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. இது நான் கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல, சாரணர் இயக்கத்த ஆரம்பிச்ச பேடன் பவல் 1907ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல முதல் முகாம் போட்டப்பவே பசங்கள நாலு அணியா பிரிச்சு, அந்தந்த அணிக்கு அவங்க வயசுல இருந்தே ஒரு தலைவர வெச்சுத்தான் நடத்தினாரு. ஆறுல இருந்து எட்டு பேர் இருக்கிற அணிக்குள்ள பேசுற பிள்ளை, முப்பது பேரு வட்டத்துல பேசாது. நீங்க கேக்கப் போறீங்கன்னா நேரா அணிக்குள்ள கேளுங்க, நீங்க அந்த இடத்துல இருக்காதீங்க.

அந்தத் தாள்ல இருந்தத அப்படியே சொல்றேன். "டெஸ்ட் வர்றப்ப மட்டும் கயிறு தர்றீங்க, மத்த நாள்ல பீரோவுல பூட்டி இருக்கு." "எந்த விழா வந்தாலும் எங்கள வாசல்ல நிக்க வைக்கிறாங்க, விஐபி வர லேட்டானா மதியம் வரைக்கும் வெயில்ல நிக்கிறோம், தண்ணி குடிக்கக் கூட போக முடியல." "நல்லா படிக்கிறவங்களத்தான் அணித்தலைவரா போடுறாங்க." "சனிக்கிழமை கூட்டம் வெச்சா பன்னெண்டு மணி பஸ்ஸ விட்டா மூணு மணிக்குத்தான் அடுத்த பஸ்." "இறைவணக்கப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லித் தாங்க, இந்தி எங்களுக்குத் தெரியாது." "லாக் புக் (செஞ்சத எல்லாம் எழுதி வைக்கிற நோட்டு) கடையில குடுத்து எழுதி வாங்குறவங்களுக்குத்தான் நல்ல பேரு." பொண்ணுங்க அணி ஒண்ணு தனியா மடிச்சுக் குடுத்த தாள்ல, "கேம்ப்ல பாத்ரூம் ரொம்ப தூரம், லைட் இல்ல, அந்த நாள்ல வந்தா என்ன பண்றதுன்னு யாருகிட்டயும் கேக்க முடியல, அதனால அம்மா அனுப்ப மாட்டேங்குறாங்க"ன்னு இருந்துச்சு. கூடவே, "பசங்க மூங்கில் கட்டுறாங்க, நாங்க மட்டும் சமைக்கிறோம்." கடைசியா எல்லா அணியுமே எழுதியிருந்த ஒரே விஷயம், "நீச்சல் கத்துத் தாங்க."

படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. நிக்க வைக்கிற விஷயத்துல குறிப்பா. ஸ்கார்ஃப் கட்டியிருக்கிற பிள்ளைன்னா வரவேற்புக்கும் செருப்பு பாத்துக்கவும் கூப்பிடுறதுன்னு ஒரு பழக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு. சேவை வேற, அது வேற. தேர் திருவிழா கூட்டத்துல காணாமப் போன குழந்தைய அழைச்சுக்கிட்டு வந்து ஒப்படைக்கிறது, தண்ணி குடுக்கிறது, முதலுதவி டேபிள்ல நிக்கிறது, அதெல்லாம் பிள்ளைங்க ஆசையா செய்வாங்க, திருவாரூர் ஆழித்தேர் அன்னைக்கு செஞ்சத இன்னும் பெருமையா சொல்லுவாங்க. ஒரு ஆளு கார்ல இருந்து இறங்குறதுக்காக ரெண்டு மணி நேரம் வெயில்ல நிக்கிறதுக்கு எந்த பேட்ஜும் கிடையாது.

இத எல்லாத்தையும் சுத்தமா எழுதி, எச்.எம். கையெழுத்தோட மேல அனுப்பினேன். பதில் வரல. ஜூலை போச்சு, ஆகஸ்ட் போச்சு. ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரு பிள்ளை "டீச்சர், நாங்க எழுதுனது என்னாச்சு?"ன்னு கேக்கும், நானும் பாப்போம்மா பாப்போம்மான்னு சொல்லுவேன். செப்டம்பர்ல கூட்டத்துக்கு வர்றவங்க பாதியா குறைஞ்சாங்க. கேக்காம இருந்தப்ப கூட இவ்வளவு குறையல, கேட்டுட்டு ஒண்ணும் நடக்கலன்னாதான் பிள்ளைங்க மனசு விட்டுப் போகுது. அந்த ரெண்டு மாசம் தூக்கமே சரியா இல்ல, வீட்டுல "ஏன் இத இழுத்துப் போட்டுக்குற, மெமோ எழுதிக் குடுத்துட்டு விட்டுரு"ன்னு சொன்னாங்க.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி அந்தத் தாள்களத் திரும்ப எடுத்து வெச்சுக்கிட்டு, யாரு கையில எது இருக்குன்னு பிரிச்சேன். நானே நாளைக்கே செய்யக் கூடியது, எச்.எம். ஒரு வார்த்தை சொன்னா நடக்கிறது, மேல இருக்கிறவங்க மட்டுமே முடிவு பண்றதுன்னு. பாத்தா முக்கால்வாசி முதல் ரெண்டுலயே வந்துருச்சு. ஆலோசனை வாங்குறவங்க தயவுசெஞ்சு இத முதல் நாளே பண்ணுங்க, பண்ணிட்டு அந்த வாரமே ஏதாவது ஒண்ண நடத்திக் காட்டுங்க, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. மேல போக வேண்டியத எந்தத் தேதியில அனுப்பினோம்னு பிள்ளைங்ககிட்டயே சொல்லிருங்க, நகலையும் ரூம் சுவத்துல ஒட்டிருங்க. அதுக்கப்புறம் "என்னாச்சு"ன்னு உங்கள யாரும் கேக்க மாட்டாங்க, அவங்களே படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க. அந்த "பாப்போம்மா" சொல்றதுல இருக்கிற சங்கடம் எனக்குத்தான் தெரியும்.

கயிறுலதான் ஆரம்பிச்சேன். பீரோ சாவி அணித்தலைவருங்க கையில போச்சு. இருந்த கயிறு நைலான், வழுக்கும், முடிச்சு நிக்காது, அதனால மன்னார்குடி போயி பருத்திக் கயிறும் மணிலா கயிறும் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன், மூங்கில் ஒரு பிள்ளையோட தாத்தா தோப்புல சும்மாவே குடுத்தாரு. முடிச்ச போர்டுல படம் போட்டுச் சொல்றத நிறுத்திட்டு, வீட்டுல யாரு என்ன முடிச்சு போடுறாங்கன்னு பாத்துட்டு வாங்கன்னு அனுப்பினேன். திங்கக்கிழமை ஒரு ஏழாங்கிளாஸ் பையன் வந்து பெஞ்சு கால்ல ரெண்டு சுத்து சுத்தி ஒரு இழுப்பு இழுத்து, "எங்க அப்பா முளைக்குச்சியில மாட்டுக்கயிறு கட்டுறது இதுதான் டீச்சர்"னான். அது அச்சு அசல் க்ளோவ் ஹிட்ச், கம்புல கயிறு கட்ட நாங்க சொல்லித் தர்ற முடிச்சு. பரீட்சையில பத்து மார்க்கு வாங்கி எப்பவும் கடைசி பெஞ்சுல கிடக்கிறவன், அன்னைக்கு மத்த எல்லாருக்கும் கத்துக் குடுத்தான். கஜா புயல், 2018 நவம்பர் 16, இவங்க எல்லாம் அப்ப சின்னப் பிள்ளைங்க, கூரை போனதும் தார்ப்பாய் போட்டு ராத்திரி ராத்திரி காத்துல அது பறந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. தார்ப்பாய் கண்ணு கிழியாம எப்படிக் கட்டுறது, இழுவிசைய எப்படி வைக்கிறது, கண்ணு இல்லாத ஓரத்துல ஒரு கூழாங்கல்ல உள்ள வெச்சு மடிச்சு அது மேல கட்டுறதுன்னு செஞ்சு காட்டினப்ப, எதுக்கு முடிச்சுன்னு அதுக்கப்புறம் ஒருத்தரும் கேக்கல.

அணித்தலைவர் விஷயத்துல, அணியே தேர்ந்தெடுக்கட்டும்னு விட்டேன். மேல சொன்ன அந்தப் பையனத்தான் அவன் அணி தேர்ந்தெடுத்துச்சு. மாசத்துக்கு ஒரு தடவ அணித்தலைவருங்க உக்காந்து பேசுற கோர்ட் ஆஃப் ஹானர் நம்ம முறையிலயே இருக்கு, புத்தகத்துலயும் இருக்கு, நிறைய யூனிட்ல நடக்குறது இல்ல. அத உயிர்ப்பிச்சேன். காசு எவ்வளவு இருக்குன்னு அங்க வெளிப்படையா சொல்லிருவேன், அடுத்த மாசம் என்ன செய்யலாம்னு அவங்கதான் சொல்லுவாங்க. ஆலோசனைப் பெட்டி வைக்கிறத விட இது எவ்வளவோ மேல். பொண்ணுங்க மூங்கில் கட்டுறதும் பசங்க அடுப்பு பாக்குறதும் அந்தக் கூட்டத்துல முடிவானதுதான், நான் ஒரு வார்த்தை சொல்லல. சனிக்கிழமைய வெள்ளிக்கிழமை கடைசி பீரியடா மாத்துறதுக்கு எச்.எம். சார் ஒத்துக்கிட்டாரு, ஒரு பஸ்ஸுக்காக அவ்வளவு நாளா பிள்ளைங்க வராம இருந்திருக்காங்க.

இப்ப முகாம் கதை. நமக்கு நாமே ஒரு ராத்திரி தங்குற முகாம் போடணும்னு அணித்தலைவருங்க கேட்டாங்க. ஜனவரியில வெச்சுக்கலாம்னு எழுதிக் குடுத்தேன், அனுமதி நவம்பர் முதல் வாரத்துக்குத்தான் வந்துச்சு, வேற தேதி தர முடியாதுன்னுட்டாங்க. டெல்டாவுல நவம்பர்ல வெட்டவெளி முகாம்! வடகிழக்குப் பருவமழை எங்களுக்குக் கொட்டுற மாசமே அதுதான். ஆனாலும் பிள்ளைங்க ஆசைய விட முடியாம சாமியானா, ஜெனரேட்டர், சமையல்காரர், டெம்போ எல்லாத்துக்கும் அட்வான்ஸ் குடுத்தோம், பெத்தவங்க குடுத்தது கொஞ்சம், மீதி என் காசு. முந்தின நாள் மழை புடிச்சுது, மாவட்டத்துக்கே லீவு விட்டுட்டாங்க. சமையல்காரர் நல்லவரு, பாதி திருப்பிக் குடுத்தாரு. மத்தவங்க அட்வான்ஸ் வராதும்மான்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. எனக்கு மட்டும் 11,000 ரூபாய் போச்சு. பெத்தவங்க காச நான் திருப்பிக் குடுத்துட்டேன், அதுவும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அட்வான்ஸ் குடுக்கிறப்ப "மழைக்கு லீவு விட்டா தேதி மாத்திக்கலாம்"னு ரசீதுலயே எழுதி வாங்குங்க, வாய் வார்த்தை நிக்காது. தேதி உங்களுக்குப் பொருந்தாம வந்தா அனுமதிய அப்படியே வாங்கிக்காதீங்க, மழைக் காரணத்தச் சொல்லி எழுத்துல மாற்றுத் தேதி கேளுங்க.

அடுத்த வருஷம் பொங்கல் கழிச்சு ஜனவரி கடைசியில போட்டோம், மணப்பாறை சிப்காட்ல 2025ல நடந்த வைர விழா ஜாம்போரியும், அதாவது பெரிய சாரணர் முகாமும், ஜனவரி 28ல இருந்து பிப்ரவரி 3 வரைக்கும்தான், நம்ம பக்கத்துக்கு அதுதான் தோதான நேரம். ஆனா ஒண்ணு, அறுப்பு முடிஞ்ச வயல் சும்மாத்தானே கிடக்குன்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. சம்பா அறுப்புக்கு முன்னாடியே ஈரத்துல உளுந்தும் பச்சைப்பயறும் தெளிச்சிருப்பாங்க, அது முளைச்சு நிக்கிற நேரம், அங்க கூடாரம் அடிச்சா ஒரு குடும்பத்தோட கோடை வருமானமே போயிரும். ஸ்கூல் மைதானம், இல்லன்னா கதிரடிக்கிற களம், அது மேடா இருக்கும், தண்ணி நிக்காது. தண்ணி வடியுற இடமான்னு பாக்குறது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, 2023ல தென்கொரியாவுல சேமான்கும்ல உலக ஜாம்போரி நடந்தப்ப, கடலத் தூர்த்து எடுத்த தட்டையான நிலத்துல 40,000 பேருக்கு மேல தங்க வெச்சாங்க, நிழல் இல்ல, தண்ணி தேங்குச்சு, வெயில்ல பிள்ளைங்க சுருண்டு விழுந்தாங்க, இங்கிலாந்து அமெரிக்கா பிள்ளைங்க பாதியிலயே கிளம்பிட்டாங்க, கடைசியில புயல் வருதுன்னு எல்லாரையுமே காலி பண்ண வேண்டியதாச்சு. அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கே இந்த கதின்னா நம்ம எம்மாத்திரம். எங்க முகாம்ல பொண்ணுங்க தங்குன வகுப்பறைக்கு ஒட்டின பாத்ரூமுக்கு எல்இடி பல்பு போட்டோம், ஒரு டப்பாவுல நாப்கின் வெச்சோம், ராத்திரி ரெண்டு அம்மாமாருங்க கூடவே தங்குனாங்க. "இத முன்னாடியே செஞ்சிருந்தா எம்பொண்ண அனுப்பியிருப்பேனே டீச்சரம்மா"ன்னு ஒருத்தங்க சொன்னாங்க. நாப்கினும் பல்பும் சேத்து ஐநூறு ரூபாய் கூட ஆகல.

இனி அந்த விருது விஷயம். சாரணர் பயிற்சியில படிப்படியா பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், த்ரிதீய சோபான், அப்புறம்தான் ராஜ்ய புரஸ்கார், ஒவ்வொரு படிக்கும் நடுவுல இத்தனை மாசம் ஆகியிருக்கணும்னு கணக்கு உண்டு. அந்தப் பொண்ணு ஆறாங்கிளாஸ்லயே சேர்ந்தவ, எல்லாத்தையும் முறையா முடிச்சவ, பத்தாங்கிளாஸ்ல ஆளுநர் விருது தேர்வு முகாமுக்குப் பேரு குடுத்தோம். சரிபார்க்கிறப்ப, அவ எட்டாங்கிளாஸ் படிச்ச வருஷத்துல எங்க யூனிட் பதிவே புதுப்பிக்கலன்னு சொல்லிட்டாங்க. நான் பொறுப்புக்கு வர்றதுக்கு முந்தின வருஷம் அது. பிள்ளைங்ககிட்ட காசு வாங்கியிருக்காங்க, அது கட்டப்பட்டதுக்கு ரசீது எங்கயும் இல்ல. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன், ஒரு இடத்துல ரிஜிஸ்டர் இல்லன்னாங்க, இன்னொரு இடத்துல அந்த வருஷம் இருந்தவர் மாறிட்டாருன்னாங்க, லீவு போட்டு லீவு போட்டு சம்பளப் பிடித்தமும் ஆச்சு. தேதி தாண்டிருச்சு. அந்தப் பொண்ணு என்னைப் பாத்து அழல, "நான் கட்டுன காசு எங்க டீச்சர் போச்சு?"ன்னு மட்டும் கேட்டா. என்னால பதில் சொல்ல முடியல. பிளஸ் ஒன் சேர்ந்த ஸ்கூல்ல யூனிட்டே இல்ல, அவ்வளவுதான், நின்னு போச்சு.

அதனால பொறுப்பு எடுக்குறவங்க, சார்ஜ் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷத்துப் பதிவு ரசீதையும், உங்க பேருல வாரண்ட், அதாவது பொறுப்பாளரா நியமிச்ச சான்று, இருக்கானும், ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்த தேதி, உறுதிமொழி எடுத்த தேதி, சோபான் சான்றிதழ் எல்லாத்தையும் கையில வாங்கிப் பாருங்க. இல்லாதத "இல்ல"ன்னு எழுதி, குடுத்தவங்க கையெழுத்தோட வாங்குங்க. நான் இப்ப பிள்ளைக்கு ஒரு பக்கம்னு ஒரு நோட்டு போட்டிருக்கேன், ரசீத போன்ல படம் எடுத்து பெத்தவங்க வாட்ஸ்அப் குரூப்ல அன்னைக்கே போட்டுருவேன். பெத்தவங்களும் கூச்சப்படாம கேளுங்க, காசு குடுத்தா ரசீது கேக்குறது தப்பே இல்ல. பத்தாங்கிளாஸோட முடியுற ஸ்கூலா இருந்தா ஆறாங்கிளாஸ்லயே சேத்துருங்க, எட்டுல சேத்தா படிகள் முடியறதுக்குள்ள ஸ்கூல் முடிஞ்சுரும். ரயில்வேயில சாரணர் கோட்டான்னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் போற வழியே இந்தப் படிகள்தான், கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு படி விட்டுப் போறது சாதாரண விஷயம் இல்ல. லாக் புக் மட்டும் சுருக்கமா சொல்லிடுறேன், கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே பத்து நிமிஷம் உக்காந்து அவங்க கையெழுத்துல எழுதட்டும், படம் வரையட்டும், கடையில குடுக்க வேண்டிய தேவையே வராது.

நீச்சல் மட்டும் இன்னும் நடக்கல. ஜூன் 12 மேட்டூர் தொறந்து தண்ணி வந்துச்சுன்னா வருஷா வருஷம் ஆத்துலயும் வாய்க்கால்லயும் பிள்ளைங்க முழுகிப் போன செய்தி வரும், காவேரிக் கரையில பொறந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியாதுன்னா யாருக்குக் கவலை வராது. அனுமதி கேட்டேன், யார் பொறுப்புன்னு கேட்டு ஃபைல் திரும்பி வந்துச்சு. அதுவரைக்கும் கரையில நின்னே காப்பாத்துறது சொல்லிக் குடுக்குறோம். அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி மூடி, கைப்பிடியில பவுலைன், அதாவது இறுகாத கண்ணி முடிச்சு, போட்டு, மைதானத்துல கோடு போட்டு அதத் தாண்டி வீசணும். காலி கேன வீசினா காத்துல ஒதுங்கும், ஒரு டம்ளர் தண்ணி உள்ள இருந்தாதான் நேரா போகுது, இத கண்டுபிடிச்சது ஆறாங்கிளாஸ் பொண்ணு. குதிக்காத, கூவு, கேன வீசு, படுத்துக்கிட்டு இழுன்னு அவங்களே ஒரு பாட்டா கட்டி வெச்சிருக்காங்க. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் எந்த யூனிட்லயாவது முறையா அனுமதி வாங்கி நீச்சல் சொல்லிக் குடுத்திருந்தா, யாருகிட்ட மனு குடுத்தீங்க, பெத்தவங்க ஒப்புதல் எந்த மாதிரி எழுதி வாங்குனீங்க, பயிற்சியாளர எங்க புடிச்சீங்கன்னு எழுதுங்க. இந்த வருஷம் தண்ணி வர்றதுக்குள்ள திரும்ப மனு போடப் போறேன், அணித்தலைவருங்களும் கையெழுத்துப் போட்டுத் தர்றாங்க.